கம்மி விலை பேஸ் கிட்டார்: கைக்கு சுகம், கண்ணுக்கு அழகு, எந்த வேலைக்கு காசு போடலாம்?

ஸ்குவையர் அஃபினிட்டி, ஐபனீஸ் ஜிஎஸ்ஆர்200, யமஹா டிஆர்பிஎக்ஸ்174 இந்த மாதிரி ஒண்ணை வாங்கியாச்சு, சத்தம் நல்லாவே வருது, ஆனா கொஞ்ச நேரம் நின்னு வாசிச்சா தோள்பட்டை இழுக்குது, முன்கை பாடி விளிம்புல அழுந்தி கோடு விழுது, பாக்கறதுக்கும் கடையில தொங்கற மத்த பேஸ் மாதிரியே இருக்கு. இப்போ கையில கொஞ்சம் காசு இருக்கு, எதை மாத்தலாம்? என் கட்சி இதுதான்: கை தொடற இடத்துக்கு முதல் காசு, கண்ணு பாக்கற இடத்துக்கு மீதி, ரெண்டும் மோதுனா கைக்குத்தான் விட்டுக்கொடுக்கணும். திருப்பி பழையபடி ஆக்க முடியற வேலையா இருந்தா இன்னும் நல்லது. பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை சிக்னலா மாத்தற காந்தச் சுருள்) மாத்தறது சத்தத்துக்கான வேலை, அதை இங்க தொடல.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி செட்டப், அதாவது ஸ்ட்ரிங் உயரத்தையும் நெக் வளைவையும் சரி பண்றது. பேஸ் வாசிக்க கஷ்டமா இருக்குன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு உண்மையான பிரச்சனை ஸ்ட்ரிங் ரொம்ப உயரத்துல நிக்கறதுதான். ஃபெண்டர் கம்பெனி சொல்ற கணக்கு, ஃப்ரெட்போர்டோட (விரல் அமுக்கற பலகை) குறுக்கு வளைவு 9.5லேர்ந்து 12 இன்ச் ரேடியஸா இருந்தா, 17வது ஃப்ரெட்ல (அதுல குறுக்கா பதிச்ச கம்பி) அளக்கும்போது தடிமனான இ ஸ்ட்ரிங் ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர், மெல்லிசான ஜி ஸ்ட்ரிங் 2 மில்லிமீட்டர், நெக்கோட நீளவாட்டு வளைவு 0.3 மில்லிமீட்டர். இந்த நீளவாட்டு வளைவை அளக்க முதல் ஃப்ரெட்ல காபோ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்கிப் பிடிக்கற க்ளிப்) போட்டு, நெக் பாடியில சேர்ற இடத்து ஃப்ரெட்டை விரலால அமுக்கி, 8வது ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் விட்டுப் பாக்கணும், அது டூ வீலர் மெக்கானிக் வால்வ் கிளியரன்ஸ் பாக்க வெச்சிருக்கற அதே தகடுதான், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கிடைக்கும். வளைவை மாத்த நெக்குக்குள்ள இருக்கற கம்பிதான் ட்ரஸ் ராட், அதை ஒரு தடவைக்கு கால் சுத்துக்கு மேல திருப்பாதீங்க, திருப்பிட்டு ட்யூன் பண்ணி திரும்ப அளங்க. பயமா இருந்தா ஒரு நல்ல ரிப்பேர் ஆள்கிட்ட குடுத்துடுங்க, அந்தக் கூலிதான் இந்தக் கட்டுரையில இருக்கற எல்லா செலவுலயும் உருப்படியான செலவு. முதல் ஃப்ரெட்ல அமுக்க மட்டும் தனியா கஷ்டமா இருந்தா நட் (நெக் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற சின்னக் கட்டை) பள்ளம் ஆழம் பத்தலன்னு அர்த்தம், அதுக்கு ஸ்ட்ரிங் தடிமனுக்கு ஏத்த அரம் வேணும், அதை அவரே பாத்துக்கட்டும்.

செட்டப் முடிஞ்சதும் ஸ்ட்ரிங். இங்க மூணு பக்கம் இருக்கு. கடையிலேர்ந்து வர்ற ரவுண்ட்வூண்ட் (உருண்டைக் கம்பி சுத்துன ஸ்ட்ரிங்) பெரும்பாலும் 45லேர்ந்து 105 கேஜ், அதாவது இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல தடிமன். அதையே நிக்கல்ல 40லேர்ந்து 100 அல்லது 95 கேஜா மாத்தறது ஒரு வழி. ஒரே மாதிரி கட்டுன ஸ்ட்ரிங்னா இழுவை தடிமனோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும், அதனால ஜி ஸ்ட்ரிங் 45லேர்ந்து 40க்கு போனா சுமாரா அஞ்சுல ஒரு பங்கு இழுவை குறையுது, இது இடது கைக்கு உடனே தெரியற வித்தியாசம். இன்னொரு வழி ஃப்ளாட்வூண்ட், மேல வழவழன்னு பட்டையா சுத்தியிருக்கும், விரல் நுனி தேயாது, சறுக்கும்போது கீச் சத்தம் இல்ல, ஃப்ரெட்டும் சீக்கிரம் தேயாது. அமெரிக்காவோட மோட்டவுன் கம்பெனி பாட்டுகள்ல பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் அவரோட 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ்ல லபெல்லா கம்பெனி ஃப்ளாட்வூண்ட்தான் போட்டிருந்தார், அந்த கனமான தும் சத்தத்துல அதுக்கும் பங்கு இருக்கு. ஆனா ஃப்ளாட்வூண்ட் தொட மிருதுவா இருக்கறதால அமுக்கவும் சுலபமா இருக்கும்னு நினைச்சு வாங்கிடாதீங்க, நிறைய செட் அதே கேஜ் ரவுண்ட்வூண்டை விட விறைப்பாத்தான் இருக்கும், விரல் நுனிக்கு சுகம் ஆனா மணிக்கட்டுக்கு வேலை. மூணாவது நைலான் டேப்வூண்ட், கருப்பா பாக்க அழகா இருக்கும், இழுவையும் கம்மி, ஆனா ரொம்ப தடிமனா வரும், நட் பள்ளத்தை பெருசாக்க வேண்டி வரலாம், பின்னாடி பழைய ஸ்ட்ரிங் போட்டா அந்தப் பள்ளத்துல ஆடும். நான் சொல்றது: கை சீக்கிரம் அசந்து போறவங்களுக்கு லைட் கேஜ் நிக்கல் ரவுண்ட்வூண்ட், விரல் நுனி எரியறவங்களுக்கும் பழைய சினிமா பாட்டு சத்தம் பிடிச்சவங்களுக்கும் ஃப்ளாட்வூண்ட். சென்னை மாதிரி வேர்க்கற ஊர்ல ஃப்ளாட்வூண்டுக்கு இன்னொரு பாயிண்டும் உண்டு, ரவுண்ட்வூண்டோட சுருளுக்கு நடுவுல வேர்வையும் அழுக்கும் போய் சீக்கிரம் செத்துப் போகும், ஃப்ளாட்ல அந்த இடமே இல்ல, வருஷக்கணக்குல ஓடும், அதனால விலை அதிகம்னாலும் கணக்கு பாத்தா நஷ்டம் இல்ல. எதைப் போட்டாலும் இழுவை மாறும், நெக் வளைவை திரும்ப பாக்கணும்.

நெக் பின்பக்கம் பளபளன்னு வார்னிஷ் இருந்தா வேர்வையில கட்டை விரல் ஒட்டும். இதுக்கு ரெண்டு வழி சொல்றாங்க, ஒண்ணு வார்னிஷை முழுசா சுரண்டி எண்ணெய் தடவறது, இன்னொண்ணு 600 நம்பர் எமரி பேப்பர் இல்லன்னா சாம்பல் கலர் நைலான் ஸ்க்ரப் வெச்சு பளபளப்பை மட்டும் மங்க வைக்கறது. நான் ரெண்டாவதுக்குத்தான் ஓட்டு போடுவேன், சந்தேகமே இல்லாம. மேப்பிள் மரத்தை வெறுமையா விட்டா கைவேர்வையில கருத்துப் போகும், கடலோர ஊர் ஈரப்பதம் உள்ள போய் வெளிய வந்து நெக்கும் அசையும், மங்க வைக்கறதுல பாதுகாப்பு அப்படியே இருக்கும், கைக்கு கிடைக்கற வழுக்கல் கிட்டத்தட்ட அதேதான். ஸ்டீல் வுல் மட்டும் வேணாம், அந்த இரும்புத் தூள் பிக்கப் காந்தத்துல போய் ஒட்டிக்கும், எடுக்கறது ரொம்ப கஷ்டம். வெயில் காலத்துலயோ ஏசி ரூம்லயோ மரம் சுருங்கி ஃப்ரெட் ஓரம் வெளிய துருத்தி கையை கீறுனா அதுக்கு சின்ன அரம், ஃப்ரெட்போர்டு ஓரத்துல டேப் ஒட்டிட்டு மெதுவா தேய்ச்சா போதும்.

அடுத்தது நெக் கீழ சாயற பிரச்சனை. கையை விட்டா ஹெட்ஸ்டாக் (நெக்கோட தலைப்பகுதி) தரையைப் பாக்க போகும், இடது கை அதைத் தாங்கிக்கிட்டே வாசிக்கும், அதுல வர்ற வலியை நிறைய பேர் நெக் தடிமனாலன்னு நினைச்சுக்கறாங்க. காரணம் எடைக் கணக்கு: பாடி லேசான மரம், ஹெட்ஸ்டாக்ல ஸ்ட்ரிங்கை முறுக்கற நாலு கனமான ட்யூனர், ஸ்ட்ராப் மாட்டற பட்டன் பாடி கொம்புல (நெக் பக்கமா நீளற மேல்பகுதி) எவ்வளவு பின்னாடி இருக்கோ அவ்வளவு சாயும். பிரிசிஷன் மாதிரி பாடியில கொம்பு ஏறக்குறைய 12வது ஃப்ரெட் வரைக்கும் நீளும், அதனால கம்மியா சாயும், கிப்ஸன் ஈபி மாதிரி குட்டிக் கொம்பு பாடிகள்ல ரொம்ப சாயும். இதுக்கு போட்டி மூணு பேர்: உள்பக்கம் சொரசொரப்பா ஸ்வேட் தோல் இருக்கற மூணு நாலு இன்ச் அகல ஸ்ட்ராப், லேசான அலாய் ட்யூனர், பட்டனை இடம் மாத்தறது. ஸ்ட்ராப் உரசலால சாயறதைத் தடுக்குது, எடைக் கணக்கை சரி பண்ணல, அதனால மெல்லிசு சட்டை போட்டா சட்டையையும் சேர்த்து இழுக்கும். ஆனா அகலத்தால தோளுக்கு கிடைக்கற நிம்மதி பெருசு, நாளைக்கு வேற பேஸ் வாங்கினாலும் அதே ஸ்ட்ராப் கூடவே வரும். ட்யூனர்தான் நிஜமான வைத்தியம், ஏன்னா ஸ்ட்ராப் பட்டன்லேர்ந்து ரொம்ப தூரத்துல இருக்கற எடை அது, அங்க குறையற ஒவ்வொரு கிராமும் பாடியில கூட்டற கிராமை விட அதிகமா பேசும், மொத்த எடையும் குறையும். ஹிப்ஷாட் அல்ட்ராலைட் இதுல பேர் போனது. மலிவு பேஸ்ல போட்டா பேஸ் விலையில நல்ல பங்கு ட்யூனருக்கே போயிடும், ஓட்டை அளவும் சரியா இருக்கணும், வெர்னியர் வெச்சு அளக்காம ஆர்டர் போடாதீங்க. பிரிட்ஜ் (பாடியில ஸ்ட்ரிங் போய் முடியற இடம்) பக்கம் கனம் சேர்த்து சமன் பண்றதை நான் ஒத்துக்க மாட்டேன், சாயறது நிக்கும் ஆனா அந்த கனத்தையும் அதே தோள்தானே சுமக்கணும். பட்டனை மாத்தறதுக்கு ஒரு ஸ்க்ரூ ஓட்டைதான் செலவு, பழைய ஓட்டையில பல்குச்சியும் மரப்பசையும் வெச்சு அடைச்சுடலாம். முதல்ல ஸ்ட்ராப் வாங்குங்க, அதுலயும் சாஞ்சா அப்புறம் ட்யூனர்.

இப்போ முன்கை அழுத்தம், இதுலதான் அழகும் சுகமும் நேருக்கு நேர் வருது. லியோ ஃபெண்டர் 1951ல முதல் பிரிசிஷன் பேஸை விட்டப்போ பாடி தட்டைப் பலகையாத்தான் இருந்துச்சு, விளிம்பு குத்தும், 1954ல ஸ்ட்ராட்டோகாஸ்டர் சரிவு வெட்டோட வந்தப்போ பேஸுக்கும் அதே வெட்டு வந்துச்சு. இன்னைக்கும் சில மலிவு பேஸ்ல சரிவு ரொம்ப லேசா இருக்கு, சிலதுல இல்லவே இல்ல. ராஸ்ப் அரம் வெச்சு நாமளே அந்தச் சரிவை செதுக்கலாம், பாப்ளர், பாஸ்வுட் ரெண்டும் மிருதுவான மரம், சீக்கிரம் வரும், வயர் போற குழிகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம் இருக்காது. செதுக்கி முடிச்சா கிடைக்கற சுகத்துக்கு ஈடே இல்ல, கை தானா அங்க போய் உக்காரும். ஆனா மேல இருக்கற பாலியெஸ்டர் பெயிண்ட் கண்ணாடித் துண்டா உதிரும், அந்த இடத்தை திரும்ப பெயிண்ட் பண்ணியே ஆகணும், விக்கப் போனா விலையும் விழும். இதுக்கு எதிர்ல ரெட்டைப் பக்க டேப்ல ஒட்டற மர ஆர்ம்ரெஸ்ட், ரோஸ்வுட் கலர்ல ஒண்ணு ஒட்டுனா பேஸே விலை கூடுன மாதிரி தெரியும், வேணாம்னா கழட்டிடலாம். குறை என்னன்னா அது கையை பாடியிலேர்ந்து இன்னும் மேல தூக்குது, மணிக்கட்டு மடியற கோணம் மாறும், சிலருக்கு இதுவே புது வலி. மூணாவதா ஒண்ணு இருக்கு, வெயில்ல பைக் ஓட்டும்போது போடறோமே அந்தக் கை ஸ்லீவ். வேர்வை ஒட்டாது, கோடு விழறது குறையும், செலவும் பெருசா இல்ல. பாடியை எப்படியும் திரும்ப பெயிண்ட் பண்ணப் போறீங்கன்னா தைரியமா செதுக்குங்க, அந்த ஒரே சமயம்தான் அதுக்கு சரியான சமயம், இல்லன்னா ஸ்லீவ்லயே இருங்க, ஆர்ம்ரெஸ்ட் எனக்கு மூணாவது இடம்தான்.

அழகுக்கு வருவோம். கலர் மாத்த ஸ்ப்ரே பெயிண்ட், வினைல் ராப், பெயிண்டை எடுத்துட்டு மரத்தையே காட்டறதுன்னு மூணு. கடைசியில சொன்னதுக்குத்தான் எல்லாருக்கும் ஆசை, அதுதான் ரொம்ப ஏமாத்தும். ஒரே கலர் அடிச்ச மலிவு பாடிக்குள்ள பல துண்டு மரம் ஒட்டியிருக்கும், ரேகை ஒண்ணோட ஒண்ணு சேராது, நடுவுல பட்டி பூசியிருக்கும், பாப்ளர்ல பச்சை நிறக் கோடும் இருக்கலாம், அதையெல்லாம் மறைக்கத்தான் அந்தக் கலரே. அந்த பாலியெஸ்டரை ஹீட் கன்ல எடுக்கறதும் லேசான வேலை இல்ல. ஸ்ப்ரே நல்லா வந்தா மூணுலயும் அதுதான் அழகு, அதுக்கு பழைய பெயிண்டை முழுசா எடுக்க வேண்டியதில்ல, லேசா தேய்ச்சு அதையே அடித்தளமா வெச்சுக்கலாம், இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. லாக்கர் அடிக்கறதா இருந்தா ஐப்பசி கார்த்திகை மழையில தொடவே தொடாதீங்க, ஈரக்காத்துல பால் மாதிரி வெளுத்துப் போகும், காயவும் வாரக்கணக்காகும். ரெண்டு பாகமா கலந்து அடிக்கற டூகே க்ளியர் கெட்டியா பளபளன்னு நிக்கும், ஆனா அதுல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல், சாதா மாஸ்க் பத்தாது, அதுக்குன்னு இருக்கற ரெஸ்பிரேட்டர் இல்லாம அடிக்கக் கூடாது, வீட்டுக்குள்ள அடிக்கவே கூடாது. வினைல் ராப் கார் ஸ்டிக்கர் ஒட்டறவங்ககிட்டயே கிடைக்கும், சென்னையில ஜி.பி. ரோடு பக்கம் போனா மேட் கருப்பு, கார்பன், மெட்டாலிக்னு வேணுங்கற அளவு இருக்கு. தட்டையான பாடியில அழகா ஒட்டும், கொம்போட உள்வளைவுலதான் சுருங்கும், அங்க ஹேர் ட்ரையர் சூடு காட்டி இழுக்கணும், கை உரசற விளிம்புல நாளடைவுல தூக்கும். அப்போ உரிச்சுட்டு வேற கலர். பழைய பெயிண்ட் அடியில பத்திரமா இருக்கு. முதல் தடவை செய்யறவங்களுக்கு நான் ராப்தான் சொல்வேன்.

கலரே மாத்தாம பிக்கார்டை (பாடி மேல ஸ்க்ரூ போட்டிருக்கற தகடு) மட்டும் மாத்தி பாருங்களேன். வெள்ளை பாடியில ஆமையோடு டிசைன் கார்டு, கருப்புல 1957 பிரிசிஷன் மாதிரி தங்க அனோடைஸ்டு கார்டு, ஆளே மாறிடும், ஸ்க்ரூட்ரைவர் ஒண்ணு போதும். பிரிசிஷனுக்கு 13 ஓட்டை கார்டுன்னு விக்கறது எல்லா மலிவு பாடிக்கும் உக்காராது, ஓட்டையும் பிக்கப் வெட்டும் தள்ளிப் போகும், பழைய கார்டை பேப்பர்ல வரைஞ்சு அளவு குடுத்து வாங்குங்க. இதுக்கு போட்டியா பிரிட்ஜுக்கும் பிக்கப்புக்கும் மேல போடற குரோம் மூடி இருக்கே, பழைய ஃபெண்டர் தோற்றம் வேணும்னா அதை மிஞ்ச ஒண்ணும் இல்ல, அந்தக் காலத்துல பிரிட்ஜ் மூடிக்குள்ள ஸ்பாஞ்ச் ஒட்டி சத்தத்தை அடக்கவும் செஞ்சாங்க. ஆனா விரலால வாசிக்கறவங்களுக்கு கை வைக்கற இடத்தையே அது எடுத்துக்குது. கட்டை விரலால மட்டும் வாசிச்சா போடுங்க, மத்தவங்களுக்கு வேணாம். அப்புறம் ஹெட்ஸ்டாக்ல ஃபெண்டர் லோகோ ஸ்டிக்கர் ஒட்டற பழக்கம், அது வேணவே வேணாம், அந்த பேஸ் நாலு கை மாறும்போது யாரோ ஒருத்தர் நம்பி காசு குடுப்பார்.

ஒண்ணு மட்டும் எந்த வேலையாலயும் மாறாது, ஸ்கேல் நீளம், அதாவது நட்லேர்ந்து பிரிட்ஜ் வரைக்கும் ஸ்ட்ரிங் நீளம். 34 இன்ச் பேஸ்ல நட்லேர்ந்து 4வது ஃப்ரெட் வரைக்கும் சுமார் 178 மில்லிமீட்டர், 30 இன்ச் பேஸ்ல 157. இவ்வளவு செஞ்சும் முதல் நாலு ஃப்ரெட்ல விரல் விரிக்கும்போது மட்டும் வலி வருதுன்னா, 2வது ஃப்ரெட்ல காபோ போடுங்க, ஸ்கேல் 30.3 இன்ச் ஆயிடும், ஸ்ட்ரிங்கை ஒரு முழு ஸ்வரம் இறக்கிட்டு ஒரு வாரம் அப்படியே வாசிச்சுப் பாருங்க. அதுல கை லேசாச்சுன்னா பெயிண்டுக்கும் ட்யூனருக்கும் வெச்ச காசை எடுத்து வெச்சுட்டு, இருக்கறதை வித்து, ஸ்குவையர் பிரான்கோ மாதிரி 30 இன்ச் ஒண்ணு தேடுங்க. ஸ்ட்ராப்பும் ஸ்லீவும் அதுக்கும் ஆகும்.