ஸ்வே பாரை மொத்தமா கழட்டாதீங்க, குயிக் டிஸ்கனெக்ட் லிங்க் போடுங்க

ஜீப் ராங்ளர்ல, ரூபிகான் (கரடுமுரடான பாதைக்குன்னே வர்ற ராங்ளர்) இல்லாத சாதா மாடல்ல, முன் பக்கம் போட்ட மேனுவல் குயிக் டிஸ்கனெக்ட் லிங்க் பத்தின ரிவியூ இது. ஸ்வே பாரோட முனையை ஆக்சிலோட (சக்கர அச்சு) இணைக்கற தண்டுதான் லிங்க், இதை கையாலயே சட்டுனு கழட்டி மாட்டலாம். பாறை ஏறுறதுல ஆசை இருக்கறவங்க வண்டியை உயர்த்தற லிஃப்ட் கிட், பெரிய டயர் எல்லாத்துக்கும் முன்னாடி வாங்க வேண்டியது இதுதான்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

ஸ்வே பார்ங்கறது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கற ஒரு முறுக்குக் கம்பி, அவ்ளோதான். ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினா அது பாட்டுக்கு சும்மா இருக்கும், ஒண்ணு மட்டும் ஏறினா முறுக்கிக்கிட்டு இன்னொண்ணையும் கூடவே தூக்கப் பாக்கும். ரோட்டுல வளைவுல வண்டி ரொம்ப சாயாம இருக்கறது இதாலதான், பள்ளத்துல ஒரு டயர் அந்தரத்துல தொங்குறதுக்கும் இதுதான் பெரிய காரணம். ஓபன் டிஃபரென்ஷியல்ல (ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் குடுக்கற, லாக் இல்லாத கியர் அமைப்பு) அந்த டயர் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், தரைல இருக்கற டயருக்கு இழுக்கற அளவு டார்க் (சுத்துற விசை) போகாது, வண்டி அங்கயே நின்னுடும்.

இந்த லிங்க் பழைய லிங்க் இருந்த இடத்துலயே உக்காரும், ஆனா கீழ ஆக்சில் பக்கம் போல்ட்டுக்கு பதிலா கிளிப்போட ஒரு பின் (ஊசி மாதிரி கம்பி) இருக்கும். ஸ்பேனர் வேணாம், பின்னை உருவி பாரை மேல தூக்கிக் கட்டினா முடிஞ்சது. அதுக்கப்புறம் வண்டி ஓடுறதைப் பாக்கணும்! முன் ஆக்சில் தரையோட மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி மடங்குது, பாடி கிட்டத்தட்ட நேரா இருக்கு, உள்ள உக்காந்திருக்கறவங்க தலை இப்படியும் அப்படியும் ஆடுறது பாதியா குறையுது, எங்க ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு குதிச்சு ஏறினோமோ அங்க இப்ப நிதானமா ஊர்ந்தே ஏறலாம்.

சமதளத்துல நிறுத்திட்டுதான் பின்னை எடுக்கணும், வண்டி கோணலா நின்னா பார் முறுக்கி இருக்கும், பின் அசையவே அசையாது. திரும்ப மாட்டும்போது ஓட்டை நேரா வரலன்னா ஒருத்தர் பம்பரை அமுக்கினா வந்துடும்.

குறையும் சொல்லணும். கூட வந்த கட்டுற ஸ்ட்ராப் சுமார், நான் வேற நல்லதா வாங்கிட்டேன், ஏன்னா லிங்க் அவிழ்ந்து டயர்லயோ பிரேக் ஹோஸ்லயோ இடிச்சா பெரிய வினை. பின்ல சேறு புகுந்து இறுகுது, கிரீஸ் வெச்சுக்கிட்டே இருக்கணும், புஷ் (மூட்டுல இருக்கற மெத்தை வளையம்) தேய ஆரம்பிச்சா டொக் டொக்னு சத்தம் வரும். ரூபிகான்ல 2007ல இருந்தே முன் பாரைக் கழட்டி விட பட்டன் இருக்கு, 29 கிலோமீட்டர் வேகம் தாண்டினா தானாவே திரும்ப மாட்டிக்கும், ஃபோர்டோட புது பிரான்கோல ஹைட்ராலிக், பார் முறுக்கி இருக்கும்போதே கழட்டிக்கலாம். அந்த வசதி இதுல இல்ல, இறங்கி குனிஞ்சு கைல பண்ணணும். ஆனா மோட்டார், வயர் எதுவும் இல்லாததால ரிப்பேர் ஆக பெருசா ஒண்ணும் இல்ல.

சில பேர் பாரையே கழட்டி போட்டுட்டு ரோட்டுலயும் அப்படியே ஓட்டுறாங்க, ஒண்ணும் ஆகலங்கறாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. நேரா போகும்போது வித்தியாசமே தெரியாது, குறுக்க ஏதாவது வந்து ஸ்டியரிங்கை வெட்டி ஒடிக்கற அந்த ஒரு செகண்ட்லதான் உயரமான வண்டி எவ்ளோ சாயும்னு தெரியும், எதிர்ல வர்றவங்களுக்கும் சேர்த்துதான் ஆபத்து. பின் பக்க பாரை நான் தொடவே இல்ல. ரோட்டுக்கு வந்ததும் முன் லிங்க்கை இடது, வலது ரெண்டு பக்கமும் மாட்டணும், ஒரு பக்கம் மட்டும் மாட்டினா பார் வேலையே செய்யாது.

முன்னாடி இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா அசையற அமைப்பு) இருக்கற வண்டின்னா பலன் கம்மிதான், அங்க சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஆர்மே சக்கரத்தை அதிகம் இறங்க விடாது. லிஃப்ட் பண்ணின வண்டின்னா நீளம் அட்ஜஸ்ட் பண்ற லிங்க்கா பாத்து வாங்குங்க. மாட்டின உடனே மலையேற கிளம்பிடாம, ஒரு சக்கரத்தை மேட்டுல ஏத்தி வெச்சு ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுதா, தொங்குற பக்கம் காயில் ஸ்பிரிங் இடத்துல உக்காந்திருக்கான்னு பாத்துடுங்க.