முதல் மனு நேரில், அடுத்தது திரையில்: மலைக் குடும்பங்களுக்குச் சிறைச் சந்திப்புச் சேவை

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் யாராவது ரிமாண்ட் ஆகி, அதாவது நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டு, சமவெளியில் உள்ள மத்திய சிறைக்கு அனுப்பப்பட்டால், அவரைப் பார்க்க இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. நேரில் போய் மனு போட்டுப் பார்க்கலாம். அல்லது ‘இ-முலாகாத்’ என்னும் அரசு இணையச் சேவையில் பதிந்து காணொலியில் பேசலாம். என் தங்கை மகனுக்காக இரண்டையும் பயன்படுத்தியவள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு சிரமமானாலும் முதல் சந்திப்பு நேரில்தான் நடக்க வேண்டும். அதன் பிறகு, மலையில் இருப்பவர்களுக்குக் காணொலிச் சேவை பெரிய உதவி.

உள்ளே போன முதல் நாள் என்ன நடக்கும் என்பதுதான் வீட்டில் இருப்பவர்களை உறங்கவிடாத கேள்வி. உடலைச் சோதிப்பார்கள், அங்க அடையாளங்களைக் குறிப்பார்கள், மருத்துவர் பார்ப்பார், கையில் உள்ள பணம், கைப்பேசி, மோதிரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வாங்கி வைப்பார்கள். கைப்பேசி அவரிடம் இருக்காது என்பதால் அழைப்பு வரவில்லை என்று பதற வேண்டியதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு என்று தொடர் மருந்து எடுப்பவராக இருந்தால், மருத்துவச் சீட்டின் நகலை முதல் சந்திப்பிலேயே சிறை அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

மனு எழுதும்போது கைதியின் பெயர், தந்தை பெயர், வழக்கு எண், காவல் நிலையம், உறவுமுறை எல்லாம் கேட்பார்கள். ஆதார் அட்டையின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். எந்தெந்தக் கிழமையில் மனு உண்டு என்பதை முந்தைய நாளே தொலைபேசியில் விசாரித்துக்கொள்வது நல்லது. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் பேருந்து எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாத மழைக்காலத்தில், ஒரு நாள் வீணானால் கூலியும் போய்விடுகிறது. நாங்கள் போன சிறையின் வாசலில், பணம் கொடுத்தால் உடனே உள்ளே அனுப்புவதாகச் சொல்லி ஒருவர் என் தங்கையை அணுகினார். அப்படிப்பட்டவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். முறையாக மனு கொடுத்து வரிசையில் நின்ற எங்களுக்கு அனுமதி கிடைத்தது.

சந்திப்பு அறையில் கண்ணாடித் தடுப்பின் இருபுறமும் ரிசீவர்கள் இருந்தன. பக்கத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவதால், மெதுவாகப் பேசிப் பழகிய என் தங்கையின் குரல் அவனுக்கு எட்டவே இல்லை. முதல் சில நிமிடங்கள் அவள் அழுதாள், அவனோ, “இலை யார் வெட்டுறா? ஃபேக்டரிக்கு யார் கொண்டு போறா?” என்று தேயிலைத் தோட்டத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்து, காயமில்லை, சாப்பிடுகிறான் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவள் அன்றிரவு உண்டாள். இந்த நிம்மதியைத் திரை தராது. நேரம் குறைவு என்பதால், வக்கீல் பெயர், அடுத்த வாய்தா, வீட்டுச் செய்தி என்று கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நலம்.

விசாரணைக் கைதிகள் வீட்டிலிருந்து உடை பெற்றுக்கொள்ள 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டமே இடமளிக்கிறது. ஆனால் எல்லாம் சோதனைக்குப் பிறகுதான். நாடா வைத்த கால்சட்டையை எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மலைக் குளிருக்கான ஸ்வெட்டர் அங்கே தேவைப்படாது. மெல்லிய பருத்திச் சட்டையும் லுங்கியும் துண்டும் போதும். கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்க அவர் கணக்கில் பணம் கட்டலாம், ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

காணொலிச் சேவையில் பதிவதற்கு அடையாள அட்டை விவரமும் கைப்பேசி எண்ணும் வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருப்பதால் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் உதவ வேண்டியிருக்கும். அனுமதி வந்த பிறகே பேச முடியும். மலையிறங்க முடியாத பாட்டி, பேரனின் முகத்தைத் திரையில் தடவிப் பார்த்ததைக் கண்டபோது, இந்தச் சேவையை வடிவமைத்தவர்களுக்கு மனதார நன்றி சொன்னேன். சிக்னல் விட்டுவிட்டு வரும் எஸ்டேட் லைன் வீடுகளில் (தொழிலாளர் குடியிருப்புகளில்) இருப்பவர்கள், பேசும் நேரத்துக்குக் கோபுரம் எட்டும் இடத்துக்கு வந்துவிடுவது நல்லது.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று யாரும் நகையை அடகு வைக்க ஓட வேண்டாம். காவலில் இருப்பவர் எவராயினும், அவர் வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை பிறக்கிறது என்பதால், கைதான தேதியோடு முதல் ரிமாண்ட் தேதியையும் குறித்து வையுங்கள். காவல் நீட்டிப்பு காணொலி வழியாகவும் நடக்கலாம். கைதியைக் கொண்டு வருவார்கள் என்று நம்பி நீதிமன்றத்துக்குப் புறப்படுவதற்கு முன், நேரிலா காணொலியிலா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.