இரைச்சல் நிறைந்த படத்தில் குறியைக் கண்டுபிடிக்க: கணித மாதிரியா, மனிதக் கண்ணா?

சிடி, மாமோகிராம் படங்களில் மங்கலாகத் தெரியும் புள்ளி நாம் தேடும் குறியா (கட்டியா), வெறும் இரைச்சலா, அதாவது படத்தில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கமா? இதைக் கண்ணும் சொல்லலாம், கணித மாதிரியும் (படத்தின் எண்களிலிருந்து விடையைக் கணக்கிடும் முறை) சொல்லலாம். கண்ணையும் கணக்கையும் ஒப்பிட ஒரே தேர்வு போதும். இரண்டு படங்களைக் காட்டி, குறி எதில் என்று கேட்க வேண்டும். குறியை இரைச்சலிலிருந்து எவ்வளவு தெளிவாகப் பிரிக்க முடிகிறது என்பதன் அளவு டி-பிரைம். சரியான விடை 76% என்றால் டி-பிரைம் 1; 92% என்றால் 2. மனிதரின் டி-பிரைமை இலட்சிய மாதிரியுடையதால் (படத்தின் தகவல் முழுவதையும் பயன்படுத்தும் மாதிரி) வகுத்து வர்க்கப்படுத்தினால், அதுதான் மனிதத் திறன்.

வெள்ளை இரைச்சலில் (ஒவ்வொரு பிக்சலிலும் தனித்தனியாக, தொடர்பின்றி வரும் இரைச்சல்), குறியின் வடிவமும் இடமும் முன்பே தெரிந்திருந்தால், கண் மோசமில்லை. 1981-இல் ஆய்வாளர் பர்ஜஸ் குழுவினர் அளந்தபோது திறன் பாதியளவை எட்டியது. மீதி எங்கே போகிறது? பெரும்பங்கு மூளையின் உள் இரைச்சலுக்கு. அதே படங்களை மறுபடி காட்டினால் அதே ஆள் வேறு விடை சொல்வார்; கணக்கு சொல்லாது.

பின்னணி மேடுபள்ளமாக இருந்தால் ஆட்டம் மாறுகிறது. குறியின் வடிவத்தைப் படத்தோடு பெருக்கிக் கூட்டும் எளிய பொருத்த வடிகட்டி இங்கே கண்ணிடமே தோற்கும். பின்னணியின் மெதுவான ஏற்ற இறக்கத்தையும் அது சேர்த்தே கூட்டிவிடுவதுதான் காரணம். கண் அந்தத் தாழ் அலைவெண்களைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அந்தக் குணத்தை வடிகட்டியில் சேர்த்தால் மாதிரி ஓரளவு தேறும்.

ஹோட்டெலிங் என்ற மாதிரி, இரைச்சலின் இணைமாறுபாட்டு அணியை (எந்தப் பிக்சல் எதோடு சேர்ந்து மாறுகிறது என்ற அட்டவணை) தலைகீழாக்கிப் பின்னணியைச் சமன்செய்கிறது. காகிதத்தில் அழகு! 256×256 படத்தில் 65,536 பிக்சல். அணியில் ஏறக்குறைய 429 கோடி எண்கள். அதைத் தலைகீழாக்க 65,536-க்கும் மேற்பட்ட பயிற்சிப் படங்கள் வேண்டும். அதனால்தான் படத்தைச் சில பத்து சேனல்களாக (ஒவ்வொன்றும் ஒரு வடிகட்டி தரும் ஒரே எண்) சுருக்குகிறார்கள். மனிதரைப் போல நடக்க வேண்டுமானால் கேபர் எனப்படும் வகைச் சேனல்கள். வட்டமான குறியில் உச்சத் திறனை நெருங்க லகேர்-காஸ் என்ற இன்னொரு வகை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பயிற்சிக்கு எடுத்த படங்களிலேயே சோதிப்பது. மதிப்பெண் பொய்யாக ஏறும். படங்கள் குறையக் குறைய இன்னும் ஏறும். உள் இரைச்சலைச் சேர்க்க மறந்தாலும் மாதிரி மனிதரை எளிதாக மிஞ்சிவிடும்.

மாமோகிராமில் ஒரு விசித்திரம் உண்டு. அதன் பின்னணி ஏற்ற இறக்கத்தின் ஆற்றல், அலைவெண்ணின் கனத்துக்கு (மும்மடிக்கு) ஏறக்குறைய எதிர்விகிதத்தில் குறைகிறது. வெள்ளை இரைச்சலில் பெரிய கட்டி, சுற்றுப்புறத்தோடு குறைந்த ஒளி வேறுபாடு இருந்தாலே தெரியும். இங்கே கட்டி பெரிதாகப் பெரிதாக அதிக ஒளி வேறுபாடு தேவைப்படுகிறது. இந்தத் தலைகீழ்ப் போக்கைக் கண்ணும் காட்டுகிறது, பின்னணியைச் சமன்செய்யும் மாதிரிகளும் காட்டுகின்றன.

படம் பிடிக்கும் டிடெக்டரை வடிவமைக்க இலட்சிய மாதிரியையே எடுக்கலாம். படத்தில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. கதிர்வீச்சு அளவைக் குறைக்கலாமா என்று முடிவெடுக்க, மனிதரோடு ஒத்துப்பார்த்த சேனல் மாதிரியே சரி. ஆனால் படமீட்பு முறையை (அளவீடுகளிலிருந்து படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் முறை) மாற்றினால் இரைச்சலின் அமைப்பும் மாறும். பழைய உள் இரைச்சல் மதிப்பை அப்படியே வைக்காமல் மனிதரைக் கொண்டு மறுபடி அளவுதிருத்த வேண்டும்.