318 யூரோ போச்சு: செஸ்கி க்ரும்லோவ் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

நேற்று ராத்திரிதான் மியூனிக் திரும்பினோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். 318 யூரோ. நம்ம ஊர்க் கணக்கில் ஏறக்குறைய முப்பதாயிரம் ரூபாய். இரண்டு ராத்திரி தங்க, ஒரே அறைக்கு இரண்டு தடவை பணம் கட்டியிருக்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். ப்ராக் கூட்டம் அப்பாவுக்கு ஒத்துவராது, அதனால் செக் நாட்டின் தெற்குப் பக்கம் இருக்கும் இந்தக் குட்டி ஊர். வல்டாவா ஆறு ஊரை வளைத்து வளைத்து ஓடும். ஒரு பக்கம் பாறை மேல் கோட்டை, கீழே சிவப்பு ஓட்டு வீடுகள். 1992-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஊரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அறை போட்டது எல்லோரும் வைத்திருக்கும் ஒரு பெரிய ஆப்பில். பெயர் வேண்டாம், உங்கள் போனிலும் இருக்கும். ஆற்றங்கரையில் வீட்டோடு சேர்ந்த சின்ன விடுதி, நல்ல மதிப்பெண், "பணம் நேரில் வந்து கட்டினால் போதும்" என்று தெளிவாகப் போட்டிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலம். குக்கர் விசில் வந்துகொண்டிருக்கிறது, அம்மா பெட்டியில் எதையோ திணித்துக்கொண்டிருக்கிறார். போனில் செய்தி வந்தது. எஸ்எம்எஸ் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. அந்த ஆப்புக்கு உள்ளேயே, இரண்டு வாரம் முன்னால் பார்க்கிங் எங்கே என்று நான் கேட்டு அவர்கள் பதில் சொன்ன அதே உரையாடலில், அந்தப் பதிலுக்கு அடுத்த வரியாக வந்தது. என் பெயர், தேதி, பதிவு எண், தொகை எல்லாம் சரி. "உங்கள் கார்டைச் சரிபார்க்க முடியவில்லை. 12 மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அறை ரத்தாகிவிடும். பணம் எடுக்க மாட்டோம், பிடித்தாலும் உடனே திரும்பிவிடும்." கீழே ஒரு லிங்க்.

இதை எப்படிச் சந்தேகப்படுவது, சொல்லுங்கள்? விடிந்தால் வயசான இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நாலு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும், அறை இல்லையென்றால் எங்கே போய் நிற்பது? லிங்க்கைத் திறந்தேன். அதே நீலம், அதே எழுத்து, நான் போட்ட அறையின் படம்கூட இருந்தது. கார்டு எண்ணைப் போட்டேன். வங்கி ஆப் "ஒப்புதல் தருகிறீர்களா?" என்று கேட்டது. 318 யூரோ என்று பார்த்தேன், தொகை சரிதானே என்று விரலை வைத்துவிட்டேன். பணம் போகும் கடை என்று மேலே சம்பந்தமே இல்லாத ஒரு பெயர் இருந்திருக்கிறது. இப்போது கணக்கைத் திறந்தால் அந்தப் பெயர்தான் முறைக்கிறது. அன்றைக்குப் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். சாவி தருகிற அம்மா கார்டு மெஷினை நீட்டினார். கட்டிவிட்டேனே என்றேன். அவர் பேசவேயில்லை, மேசைக்குப் பின்னால் சுவரைக் காட்டினார். அங்கே மூன்று மொழியில் ஒரு தாள்: எங்கள் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள், லிங்க் எதிலும் பணம் கட்டாதீர்கள். ஐயா, பணத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்பவன் கண்ணில் படும் இடத்திலா அதை ஒட்டுவது? எப்போதிருந்து தெரியும் என்றேன். செவ்வாய்க்கிழமையிலிருந்தாம். நான் ஏமாந்தது வியாழன். நடுவில் இரண்டு நாள், ஒரு போன் செய்திருக்கலாம். "எங்களுக்கும் நஷ்டம்தான், நீங்கள் ஆப்காரர்களிடம் கேளுங்கள்" என்றார். மறுபடியும் கட்டினேன். செக் நாட்டுக் காசில் எட்டாயிரம் கொருனாவுக்குக் கொஞ்சம் குறைச்சல். அதிலும் மெஷின் "யூரோவில் எடுக்கட்டுமா?" என்று கேட்டது. யூரோ என்று அழுத்தினால் மெஷின்காரன் வைத்த ரேட்டில் இன்னும் கொஞ்சம் போகும். கொருனாவையே அழுத்தினேன், அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

சனிக்கிழமை முழுக்கப் போனும் கையுமாகத்தான் இருந்தேன். கோட்டை வாசல் அகழியில் நிஜக் கரடி வளர்க்கிறார்கள். அம்மா அரை மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், கரடி குகையை விட்டு வெளியே வரவில்லை. பக்கத்தில் நான் ஆப்காரர்களின் இசையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், ஆள் லைனுக்கு வரவில்லை. கடைசியில் ஒரு பெண் வந்து, "எங்கள் அமைப்பில் எந்தக் கோளாறும் இல்லை, விடுதியைத் தொடர்புகொள்ளுங்கள்" என்றார். விடுதி உங்களைக் கேட்கச் சொல்கிறதே என்றால், "உங்கள் வருத்தம் புரிகிறது." இரண்டாவது தடவை வேறு ஆள், அதே வாக்கியம். அப்பா கோபுரத்தின் 162 படியும் ஏறி இறங்கி வந்துவிட்டார், நான் அதே இடத்தில். கோபுரத்துக்கு ரோஜாவும் பச்சையுமாகப் பூசியிருக்கிறார்கள். "நம்ம ஊர்க் கோயில் கோபுரம் மாதிரியே பெயின்ட் அடிச்சிருக்கான் பாரு, அதைப் பாருடா" என்று அம்மா என்னைத் திருப்பப் பார்த்தார். பார்த்தேன். 318 யூரோதான் தெரிந்தது.

வங்கி இன்னும் மேல். "நீங்களே ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள்." சரி, கொடுத்தேன். திருடனுக்கா கொடுத்தேன்? படிவம் அனுப்பியிருக்கிறார்கள், போலீஸ் புகார் நகலோடு திருப்பி அனுப்ப வேண்டுமாம். நாளைக்கு லீவ் போட்டுவிட்டு ஸ்டேஷன் போகிறேன். இதற்கு நடுவில் அதே ஆப்பிலிருந்து இன்று காலை ஒரு மெயில்: உங்கள் தங்கல் எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை?

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நேரில் கட்டலாம் என்று போட்ட அறைக்கு முன்னாலேயே யார் கார்டு கேட்டாலும் கொடுக்காதீர்கள், செய்தி ஆப்புக்குள்ளேயே வந்தாலும் சரி. லிங்க்கைத் தொடாமல் விடுதிக்குப் போன் போடுங்கள், அந்த எண்ணையும் செய்தியிலிருந்து எடுக்காதீர்கள். வங்கி ஒப்புதலில் தொகையை மட்டும் பார்க்காமல் கடைப் பெயரையும் படியுங்கள். இந்த மாதிரி லிங்க்கில் ஏற்கெனவே கார்டு எண்ணைப் போட்டிருந்தால் மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் கார்டை பிளாக் செய்யுங்கள். நான் அதைச் சனிக்கிழமை ராத்திரிதான் செய்தேன்.