ஏரோஜெல்: கட்டியா, போர்வையா?

ஏரோஜெல் என்பது ஜெல்லில் இருக்கும் திரவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றை வைத்த திடப்பொருள்; வெப்பம் கடக்காமல் தடுக்கப் பயன்படும். கட்டியாகவும் வரும், போர்வையாகவும் வரும். சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) ஏரோஜெல் கட்டியைக் கையில் வைத்தால் எடையே தெரியாது. கறுப்புத் துணிமேல் வைத்தால் லேசான நீலம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மஞ்சள். உள்ளே 95 சதவீதத்துக்கு மேல் காற்றுதான். அந்தக் காற்று நானோ அளவுத் துளைகளில் சிக்கி நகர முடியாததால் வெப்பமும் எளிதில் கடக்காது. 1931-இல் அமெரிக்க வேதியியலாளர் கிஸ்ட்லர் இதைச் செய்து காட்டியும், பல்லாண்டுகள் பெரிதாகப் புழக்கத்துக்கு வரவில்லை. காரணம் எளிது: சற்று அழுத்தி வளைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும்.

சரி, போர்வை? கண்ணாடி இழை விரிப்பில் ஜெல் கரைசலை ஊற்றி, இறுகவிட்டு உலர்த்துகிறார்கள். கத்தரிக்கோலால் வெட்டலாம், குழாயில் சுற்றலாம். வெப்பக் கடத்துதிறன் (குறைய இருந்தால்தான் நல்லது) கட்டிக்குச் சுமார் 0.015 வாட்/மீ·கெ என்றால் இதற்கு 0.02 பக்கம். கொஞ்சம் நஷ்டம்தான். ஆனாலும் 0.04 அளவில் இருக்கும் ராக்வூலோடு (பாறையை உருக்கி இழையாக்கிய வழக்கமான வெப்பக்காப்பு) பார்த்தால் பாதித் தடிமனே போதும். நெருக்கமாகக் குழாய்கள் ஓடும் ஆலையில் அது பெரிய விஷயம். தொல்லை, வெட்டும்போது பறக்கும் வெள்ளைத் தூள், கைத்தோலை வறட்டிவிடும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். விலையும் ராக்வூலைவிடப் பல மடங்கு.

ஒளி ஊடுருவ வேண்டுமென்றால் கட்டிதான். வால்மீன் தூசியைப் பிடித்து 2006-இல் பூமிக்குக் கொண்டுவந்த ஸ்டார்டஸ்ட் விண்கலத்தில் இருந்ததும் அதுவே. துகள் போன தடம் அதில் அப்படியே தெரியும். நீராவிக் குழாய்க்கு நான் யோசிக்காமல் போர்வையைத்தான் எடுப்பேன்.