பிரதேச செயலகத்தில் கிடைக்கும் உளவளத்துணை: அவமானத்தோடு போன ஒருத்தியின் மதிப்பீடு

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கும் காணி அலுவலுக்கும் நாம் போய் வரிசையில் நிற்கும் செயலகத்திலேயே உளவளத்துணை உத்தியோகத்தர் ஒருவரும் கடமையாற்றக்கூடும் என்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. கட்டணம் இல்லை, மருந்து கொடுப்பதும் இல்லை. பேச்சும் பயிற்சியுமே அங்கே கிடைக்கும். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால், நான் போன செயலகத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

அயலிலுள்ள பெண்களோடு குழுவாகக் கையெழுத்திட்டு நான் நுண்கடன் எடுத்திருந்தேன். தவணை தவறியபோது, பணம் சேகரிக்க வந்தவர் எங்கள் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு பொழுதுபடும்வரை இருந்தார். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்பதால், என் வீட்டுக் கடன் ஊர்ப்பேச்சாகியது. ஒருவாறு கடனை அடைத்து முடித்த பிறகும் அவமானம் தீரவில்லை. கடைத்தெருவால் போகாமல் வாவிக்கரையால் சுற்றிப் போனேன். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து, குளுத்திப் பாடல் எங்கள் வளவுவரைக்கும் கேட்டபோதும் நான் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

உத்தியோகத்தர் என்னைவிட வயதில் இளையவர். நான் உட்கார்ந்ததும், கதவைப் பார்த்துக் கிடந்த என் கதிரையை யன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டார். நான் சொல்வதை வெளியே சொல்லமாட்டார் என்பதையும், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் பிறரிடம் சொல்ல நேரும் என்பதையும் முதலிலேயே விளக்கினார். அழுது முடிக்கும்வரை அவசரப்படுத்தவில்லை. பிறகு சொன்ன ஒன்று இன்றைக்கும் எனக்கு உதவுகிறது: “தவணை கட்டேலாமப் போனது ஒரு விசயம் அக்கா. நீங்க கூடாத ஆள் எண்டு நினைக்கிறது வேற விசயம். ரெண்டையும் ஒண்டாப் போட்டு வைச்சிருக்கிறீங்க.”

இந்தப் பிரிப்பை உளப்பகுப்பாய்வாளர் ஹெலன் புளொக் லூயிஸ் 1971 இலேயே தெளிவாக எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னர் தேடி வாசித்து அறிந்தேன். குற்ற உணர்வு செய்த செயலைப் பற்றியது. ஆகவே மன்னிப்புக் கேட்கவோ ஈடுசெய்யவோ வழியுண்டு. அவமானம் முழு ஆளையும் பிழையென்று தீர்ப்பதால், ஒளிந்துகொள்வதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. ஒளிய ஒளிய, ஊர் நம்மை வெறுக்கிறது என்ற எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் இல்லாமல் போகிறது. என் வாவிக்கரைப் பாதை செய்த வேலை அதுதான்.

பயிற்சிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். மூச்சை மெதுவாக, ஒரே சீராக விடப் பழக்கினார். அடுத்து ஒரு கொப்பியைத் தந்து, என் நிலையில் என் தங்கச்சி இருந்தால் அவளுக்கு என்ன எழுதுவேனோ அதை எனக்கே எழுதச் சொன்னார். முதலில் இரண்டு வரிகூட வரவில்லை. தங்கச்சிக்கென்று தொடங்கியதும் பக்கம் நிரம்பியது. தன்னையே ஓயாமல் கண்டித்துக்கொள்பவர்களுக்காகப் பிரித்தானிய உளவியலாளர் போல் கில்பேட் உருவாக்கிய பரிவு சார்ந்த சிகிச்சையிலும் இவையிரண்டும் இருக்கின்றன. ஆகவே இது வெறும் ஆறுதல் பேச்சு அல்ல என்று உறுதியாகச் சொல்வேன். அதன் பிறகுதான் கடைத்தெருவால் போகும் வேலை வந்தது: முதலில் ஆள் குறைந்த நேரத்தில், பிறகு சந்தை கூடும் நேரத்தில், கடைசியாகக் குழுப் பெண்களில் ஒருத்தியோடு நின்று கதைப்பது. அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. தன் வாசலிலும் அதே கதிரை போடப்பட்டதைச் சொன்னாள். கூச்சம் இப்போதும் வரும். வந்தாலும் என்னை வீட்டுக்குள் பூட்டி வைப்பதில்லை.

குறை அந்த அறைதான். தோள் உயரப் பலகைத் தடுப்பு ஒன்றே மறைப்பு. அதற்கு வெளியே கொடுப்பனவுக்குக் காத்திருப்பவர்களின் வாங்கு. கூனிக்குறுகி வரும் ஒருத்தியை ஊரார் முழுப்பேரும் பார்க்க அந்த வாசலால் நுழையச் செய்வது, உள்ளே அந்த உத்தியோகத்தர் படும் பாட்டையே வீணாக்குகிறது. பக்கத்துக் கட்டடத்தில் கதவுள்ள ஓர் அறையை ஒதுக்குவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வேலை நேரத்தில் மட்டும் சந்திப்பு என்பதால் வயலுக்கும் கடலுக்கும் போகும் ஆண்கள் ஏறக்குறைய வருவதேயில்லை என்பதும் எனக்குக் கவலை தருகிறது. அவர்களுக்கும் இதே கடன் இருக்கிறது, இதே வாசலும் இருக்கிறது.

போக நினைப்பவர்கள் பொதுமக்கள் நாளைத் தவிர்த்து நேரம் கேளுங்கள். முன்மேசையில் உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். காரணத்தை அங்கே விளக்க வேண்டியதில்லை. உறக்கமின்மை நீடித்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். உயிரை விடும் எண்ணம் எழுந்தால் சந்திப்பு நாள்வரை காத்திராமல் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை உடனே அழையுங்கள்; அங்கே தமிழிலும் பேசலாம்.