இடுப்புவலியும் அறிதுயிலும்: மூன்றரை ஆண்டு அனுபவம்

எனக்கு இடுப்புவலி வந்து இது ஏழாவது வருஷம். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர், நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. 2018 டிசம்பரில், விடாமல் மழை பெய்த ஒரு காலையில், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் படியில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். எம்ஆர்ஐ எடுத்தார்கள். கீழ்முதுகில் ஒரு டிஸ்க் பிதுங்கி இருந்தது. ஒரு வருஷம் கழித்து மறுபடி எடுத்தபோது அது நன்றாகவே சுருங்கியிருந்தது. வலி மட்டும் சுருங்கவில்லை.

மருந்தெண்ணெய், கோயோ என்ற வலிப் பிளாஸ்திரி, பிசியோ, நீச்சல், நரம்பு வலிக்கான பிரெகாபலின் மாத்திரை என்று எல்லாம் பார்த்தாயிற்று. சிலது உதவியது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், விடியும்வரை கூடத்தில் நடப்பதுதான் வழக்கம். வலிப் பிரிவு மருத்துவர்தான் ஹிப்னாஸிஸ் பற்றி முதலில் சொன்னார். வலியை எடுத்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. "வலியோடு உங்கள் மூளை போடும் சண்டை குறையலாம்" என்றார்.

வீட்டில் சொன்னதும் மாமியார் பயந்துவிட்டார். "வசியம் பண்றவங்ககிட்டயா போற? வேண்டாம்மா." அவரைக் குறை சொல்ல மாட்டேன். மனோவசியம் என்ற சொல்லே அப்படி. இதற்குத் தமிழில் இன்னொரு சொல் இருக்கிறது: அறிதுயில். பாம்பணையில் பெருமாள் கொள்ளும் துயில். கண் மூடியிருக்கும், அறிவு விழித்திருக்கும். மூன்றரை வருஷம் பழகியவளாகச் சொல்கிறேன், உள்ளே நடப்பதை இதைவிடச் சரியாகச் சொல்லும் சொல் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஹிப்னாடிசம் என்ற பெயரை 1840களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டுக்கே பிறகு அந்தப் பெயரில் திருப்தி இல்லை. அது கிரேக்க மொழியில் தூக்கத்தைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. நடப்பதோ தூக்கம் இல்லை. அறிதுயில் என்று மாமியாரிடம் சொன்ன பிறகு அவர் பயம் பாதி போய்விட்டது.

முதலில் நான் போன இடம் சரியில்லை. பெயர் வேண்டாம். ஆறே அமர்வில் வலி அடியோடு போகும் என்று சொல்லி, 1,500 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது அமர்வில் மாத்திரையை இன்றோடு தூக்கிப் போடுங்கள் என்றார் அந்த மனிதர். பிரெகாபலினைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. படிப்படியாக, மருத்துவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். அன்றோடு போவதை நிறுத்தினேன். பணம் திரும்பி வரவில்லை. இதை எழுதக் காரணமே, வலியில் இருப்பவர்கள் எதையும் நம்பத் தயாராக இருப்போம் என்பதுதான். "அடியோடு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள்.

2022 தொடக்கத்தில், வலி மருத்துவரே எழுதிக்கொடுத்த ஓர் உளவியலாளரிடம் போனேன். ஐம்பது நிமிட அமர்வுக்கு 170 வெள்ளி. மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவில் கழிக்க முடியவில்லை, கைக்காசுதான். எட்டு அமர்வுகள் போனேன். அதன்பின் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. மற்றதெல்லாம் வீட்டில் நானே செய்வது.

முதல் அமர்வு ஆங்கிலத்தில் நடந்தது. சாய்வு நாற்காலி, கூரையில் ஒரு புள்ளியைப் பார்ப்பது, இமை கனப்பது, கண்ணை மூடுவது. அதுவரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு, பத்துப் படிகள் கீழே இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு முதுகு விறைத்துவிட்டது. நான் விழுந்தது படியில் அல்லவா! எண்ண எண்ண வலி ஏறியது. கண்ணைத் திறந்து சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், அந்த வலி எப்படி இருக்கும்? தமிழ்லயே சொல்லுங்க."

அதுவரை மூன்று வருஷமாக எல்லா மருத்துவர்களிடமும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறேன், கூடவே பூஜ்யத்தில் இருந்து பத்துக்குள் ஓர் எண். தமிழில் சொல்ல ஆரம்பித்ததும் தெரிந்தது, எனக்கு ஒரு வலி இல்லை, மூன்று. இடுப்பில் குடைச்சல். தொடைக்குப் பின்னால் இழுப்பு. பாதத்தில் எரிச்சல். எழும்போது வரும் சுருக் வேறு. இவற்றில் என்னை இரவில் எழுப்புவது குடைச்சல் மட்டும்தான். எதைக் குறிவைக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் புரிந்தது.

குடைச்சல் என்றதும் எனக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டார். யோசிக்காமல் ஆட்டுக்கல் என்றேன். என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அந்தக் குவார்ட்டர்ஸ் வீட்டின் பின்கட்டில் ஆயா, என் பாட்டி, மாவாட்டுவார். முதலில் அரிசி கரகரவென்று நெரிபடும். போகப் போகச் சத்தம் மாறும், மாவு குழையும், குழவி வழுக்கிக்கொண்டு சுற்றும். ஆயாவின் கை மெதுவாகும். நான் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் முதுகை ஒட்டிப் படுத்திருப்பேன், அந்தக் குளிர்ச்சிக்காக.

எங்கள் முழுச் சிகிச்சையும் அதுதான். படி இல்லை, கடற்கரை இல்லை. முதலில் தரையின் குளிர்ச்சி முதுகில் ஏற வேண்டும். பிறகு கரகரப்பைக் கேட்க வேண்டும். வலியை மறுக்காமல், அது சுற்றுவதை அப்படியே கேட்க வேண்டும். பிறகு, "மாவு பதமாகுது. கை மெதுவாகுது." இந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வது. உளவியலாளரின் தமிழ் கொஞ்சம் தடுமாறும். வாசகங்களை நான் எழுதிக் கொடுத்தேன், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதை அவர் சொன்னார். 14 நிமிடம் வரும்படி என் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்தேன். தினமும் இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை, நடுவில் விழித்தால் இன்னொருமுறை.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது வாரத்தில் ஓர் இரவு குடைச்சல் இருந்தது, ஆனால் அது பக்கத்து அறையில் நடப்பதுபோல இருந்தது. எண் கேட்டால் 6 என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த 6 என்னைப் படுக்கையில் இருந்து எழுப்பவில்லை.

இது கற்பனையோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. உளவியலாளர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1997-ல் மாண்ட்ரியலில், கையைச் சுடுநீரில் வைத்தவர்களுக்கு, அதன் வேதனை குறைகிறது அல்லது கூடுகிறது என்று ஹிப்னாஸிஸில் சொல்லி, மூளையைப் படம் எடுத்திருக்கிறார்கள். சூட்டை உணரும் பகுதி பெரிதாக மாறவில்லை. 'இது தாங்கவில்லை' என்ற வேதனையோடு தொடர்புடைய இன்னொரு பகுதியின் செயல்பாடு சொல்லுக்கு ஏற்ப மாறியது. கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து அறை என்று நான் சொன்னது வெறும் பேச்சு இல்லை.

எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 2019-ல் 85 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹிப்னாஸிஸுக்கு எளிதில் ஆட்படுபவர்களுக்கு வலி 42 சதவீதமும், நடுத்தரமானவர்களுக்கு 29 சதவீதமும் குறைந்தது. ஆட்படாதவர்களுக்குப் பெரிய பயன் இல்லை. அதுவும் சோதனைக்காக உண்டாக்கிய வலி. ஏழு வருஷ வலி இல்லை. நான் நடுத்தரம்.

என் குறிப்பேட்டின்படி, தொடங்கும்போது வாரச் சராசரி 7. ஆறு மாதத்தில் 5. இப்போது 4, 5 என்று நிற்கிறது; அதற்குக் கீழே போகவில்லை, போகும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. இரவில் நான்கு முறை விழித்தவள் இப்போது ஒருமுறை விழிக்கிறேன். பிரெகாபலின் காலை, இரவு என்று இருந்ததை மருத்துவர் இரவு மட்டும் என்று குறைத்திருக்கிறார். பாதத்து எரிச்சலுக்கு இது துளியும் உதவவில்லை. அதற்கு எத்தனையோ படிமங்கள் முயன்றோம், எதுவும் ஒட்டவில்லை. பள்ளித் தேர்வு நேரத்தில் பத்து நாள் பயிற்சியை விட்டால், மறுபடி பிடிக்க இரண்டு வாரம் ஆகிறது. எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு செய்ய முடியுமா என்று பார்த்தேன். உட்கார இடம் கிடைத்தால் ஈசூனில் இருந்து நொவீனா போவதற்குள் ஒரு சுற்று முடிகிறது, நின்றால் முடியவில்லை.

ஒரு முக்கியமான விஷயம். 2024 பிப்ரவரியில் புதிதாகக் காலில் மரமரப்பு வந்தது. நான் ஆட்டுக்கல்லை வைத்தே சமாளித்துவிடலாம் என்று இரண்டு நாள் இருந்தேன். உளவியலாளரிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். பழகிய வலிக்குத்தான் இது, புது வலிக்கு முதலில் மருத்துவர். திடீரென்று கால் பலவீனமானாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி மங்கினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். என்னுடையது நல்லவேளை பெரிதாக இல்லை. ஆனால் அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கழுத்துவலிக்காக என் பதிவைக் கேட்டார். கொடுத்தேன். அவருக்குச் சுத்தமாகப் பலிக்கவில்லை. அவர் ஆட்டுக்கல்லைப் பார்த்ததே இல்லை. அவருடைய வலி கனம், பாரம் என்றார். இப்போது அவர் தனக்கான ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஜூன் விடுமுறையில் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கோலாலம்பூர் போனேன். ஆறு வருஷமாக நான் அவ்வளவு நேரம் பேருந்தில் உட்கார்ந்தது இல்லை. வழியில் யோங் பெங்கில் பேருந்தை நிறுத்தியபோது வலி 6. எல்லோரும் சாப்பிட இறங்கினார்கள். நான் இருக்கையைச் சாய்த்து, காதில் மாட்டிக்கொண்டு, சிமெண்டுத் தரையில் படுத்தேன். ஊர் போய்ச் சேர்ந்தபோதும் 6தான். மறுநாள் காலை, கெட்டிமேளம் கேட்டதும் எல்லோரோடும் எழுந்து நின்று அட்சதை போட்டேன்.